முதல் கட்டிங்கை ஊற்றிக் கொடுத்தது யார்?

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி. ஆயினும், குடித்து மயங்கிய நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்தால், கோயில் கொடையிலோ துக்க வீட்டிலோ கல்யாண மண்டபத்தின் பின்புறத்திலோ பெரியவர் ஒருவர் கையிலிருந்துதான் முதல் கட்டிங் வந்திருக்கும். "ஆம்பளப் பையன், ஒரு வாய் குடிச்சா என்ன?" என்று ஊற்றிக் கொடுத்த மாமாவே சில நேரம் ஸ்ட்ரெச்சரையும் தள்ளிக்கொண்டு வருகிறார்.

180 மில்லி குவாட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம் எத்தனால் இருக்கிறது. ஒரே வேளையில் இவ்வளவு குடிப்பதை, வளர்ந்தவர்களுக்கே மிதமிஞ்சிய குடி என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள, குடித்துப் பழகாத பையனோ, காட்டம் தெரியாதிருக்கக் குளிர்பானத்தில் கலந்து, பந்தயம் கட்டி, சில நிமிடங்களில் அதைக் காலி செய்துவிடுகிறான். வெறும் வயிறாக இருந்தால் இரத்தச் சர்க்கரை சரிந்து வலிப்பே வரலாம். அதையும் போதையென்றே சுற்றியிருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இதைவிட ஆபத்தானது, "தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்" என்று மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போவது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருக்கும் மது இரத்தத்தில் சேர்ந்துகொண்டேயிருக்கும். நினைவில்லாத நிலையில் எடுக்கும் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். உலுக்கியும் விழிக்காவிட்டால், மூச்சு விட்டு விட்டு வந்தால், உடல் சில்லிட்டால், மோரும் எலுமிச்சைச் சாறும் புகட்டாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆளொருவர் பக்கத்திலேயே இருந்து, 108-ஐ அழைக்க வேண்டும். ஊர் பேசுமே என்று விடியும்வரை காத்திருக்கும் குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன.

பிழைத்து எழுந்த பையனை அடித்துத் திருத்தவும், பள்ளியிலிருந்து டி.சி. கொடுத்து அனுப்பவும் எல்லோரும் முந்துகிறார்கள். ஊற்றிக் கொடுத்தவரை யாரும் கேட்பதில்லை. மருத்துவரின் பரிந்துரையின்றிச் சிறாருக்கு மது கொடுப்பவருக்கு, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் கட்டுப்பாடு விதிக்கும் விழாக் கமிட்டிகள் இதையும் கூட்டத்தில் வைத்துப் பேசலாம் என்பது என் கருத்து.

பிள்ளை மறுபடியும் குடிப்பதாகச் சந்தேகம் வந்தால், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணைப் பெற்றோரே அழைத்துப் பேசலாம். பிள்ளை உடன் வர மறுத்தாலும் அவர்கள் மட்டும் தொடங்கலாம்.