மூலம் இருந்தால் புற்றுநோய் வராதா?

மலப் பரிசோதனையில் ரத்தம் இருப்பதாக வந்த கடிதத்தை ஒரு நோயாளி ஓராண்டுக்கும் மேல் அலமாரியில் வைத்திருந்திருக்கிறார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "எனக்குத்தான் மூலம் இருக்கே மிஸ்ஸி, அந்த ரத்தம்தான்னு நினைச்சேன்." கடைசியில் அவர் வந்தபோது குடலுக்குள் பார்க்கும் கேமரா குழாயே நுழைய முடியாத அளவுக்குக் கட்டி குடலை அடைத்திருந்தது.

பெருங்குடல் சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். இதே பதிலை வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டு அலுத்துவிட்டது.

மூலம் உள்ளவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வராது என்று யார் சொன்னது? இரண்டுமே 50 வயதுக்கு மேல் அதிகம் வருபவை. ஒரே ஆளுக்கு இரண்டும் இருப்பதில் அதிசயமே இல்லை. "பளிச்சென்று சிவப்பாக வந்தால் மூலம், கறுப்பாக வந்தால்தான் ஆபத்து" என்பார்கள். மலக்குடலில் கட்டி இருந்தாலும் ரத்தம் சிவப்பாகத்தான் வரும். நிறத்தைப் பார்த்து நாங்களே முடிவு சொல்வதில்லை. நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? உடம்பு சூடு என்று லேகியம் வாங்கிச் சாப்பிட்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்களும் உண்டு. குடலின் வலப்பக்கம் கட்டி இருந்தால் பெரும்பாலும் ரத்தம் கண்ணுக்கே தெரியாது. சோகையும் களைப்பும்தான் இருக்கும். அதை வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம்.

இன்னொரு கூட்டம், முதல் முடிவு சரியில்லை என்று மலப் பரிசோதனையை மறுபடி செய்து, ரத்தம் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறது. கட்டி தினமும் கசிவதில்லை. இரண்டாவது முடிவு முதல் முடிவை அழிக்காது. முந்தைய நாள் ஆட்டிறைச்சி சாப்பிட்டதால் வந்தது என்பதும் எடுபடாது. ஃபிட் (FIT) என்ற இந்த மலப் பரிசோதனை மனித ரத்தத்தை மட்டுமே காட்டும். ரத்தம் இருப்பதாக வந்தால் அடுத்து கொலோனோஸ்கோபிதான், அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது. அதற்காகப் பதறவும் வேண்டாம், அப்படி வரும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

கொலோனோஸ்கோபி என்றதும் முகம் சுளிக்கிறார்கள். உண்மையில் சிரமம் முந்தைய நாட்களில்தான். கீரை, பருப்பு, விதையுள்ள காய் எல்லாம் நிறுத்த வேண்டும், மருந்துத் தண்ணீரைக் கொடுத்த நேரத்தில் முழுவதும் குடிக்க வேண்டும். பாதி குடித்துவிட்டு வராதீர்கள். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் மறுபடி நாள் குறிக்க வேண்டியதுதான். ரத்தம் உறையாமலிருக்கவும் நீரிழிவுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் முன்பே சொல்லுங்கள். அன்று மயக்க மருந்து தருவோம். பெரும்பாலும் அரை மணி நேரம்தான். வண்டி ஓட்ட முடியாது, வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வாருங்கள். கட்டணத்துக்கு மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம்.

பாலிப் (குடல் சுவரில் வளரும் சிறு சதை) தெரிந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். அது புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு போல ஆகும் என்பதால், அன்று எடுப்பது வரப்போகும் நோயையே தடுப்பது. புற்றுநோய் என்று உறுதியானால் சிடி ஸ்கேனில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்து, குடலின் அந்தப் பகுதியை அதைச் சேர்ந்த நிணநீர் முடிச்சுகளோடு அகற்றுவார்கள். முடிச்சுகளில் பரவியிருந்தால் கீமோ. மலக்குடலில் என்றால் பல சமயம் கதிர்வீச்சு முதலில். மலம் சேர வயிற்றில் பை வைப்பார்களோ என்பதுதான் எல்லோருக்கும் பயம். பலருக்கு அது தேவைப்படுவதில்லை, தேவைப்படுபவர்களிலும் நிறையப் பேருக்குச் சில மாதங்களில் எடுத்துவிடலாம்.

50 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கத்தில் ஃபிட் பெட்டியை இலவசமாக வாங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு வேறு நாட்களில் மாதிரி எடுத்து அனுப்பினால் போதும். ஆனால் கண்ணுக்கே ரத்தம் தெரிகிறதா, மலம் போகும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருக்கிறதா, காரணமில்லாமல் எடை குறைகிறதா? பெட்டிக்காகக் காத்திருக்காமல் நேரே பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். உங்களுக்கு இந்த நோய் வந்திருந்தால், வெட்கப்படாமல் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து. அவர்கள் 50 வரை காத்திருக்கக் கூடாது. எந்த வயதில் தொடங்குவது என்று மருத்துவரிடம் இப்போதே கேட்க வேண்டும்.