துடிப்பு சீரான பிறகும் மாத்திரை ஏன்?

‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் தாறுமாறான இதயத் துடிப்பை, மார்பின் மேல் மின்னதிர்வு கொடுத்துச் சில நொடிகளில் சீராக்கிவிட முடியும். இதுதான் ‘கார்டியோவர்ஷன்’. ஆனால் அந்தச் சில நொடிகளுக்காக முன்னே மூன்று வாரம், பின்னே நான்கு வாரம் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். முந்தைய மூன்று வாரம் பலருக்கும் புரிந்துவிடுகிறது. பிந்தைய நான்கு வாரத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதில்லை, வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையோடு ஒட்டியபடி விரல் அளவில் ஒரு குறுகிய பை இருக்கிறது. நடுக்கத்தால் அங்கே ரத்தம் தேங்குகிறது. உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கி எக்கோ எடுத்தால், அந்தப் பைக்குள் ரத்தம் புகைபோல மெல்லச் சுழல்வது திரையில் தெரியும். உறைகட்டி பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. அது பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

துடிப்பு சீரானதும் மேலறை மறுபடி சுருங்கத் தொடங்கும். ஏற்கெனவே கட்டி இருந்தால் அப்போது பிய்த்துக்கொண்டு கிளம்பலாம். மூன்று வார மருந்து கட்டியை நேரடியாகக் கரைப்பதில்லை. அதை வளரவிடாமல் தடுத்து, உடல் தானே அதைக் கரைக்க அவகாசம் தருகிறது. அவசரமென்றால், எக்கோவில் கட்டி இல்லை என்று உறுதிசெய்து, மருந்தைத் தொடங்கிய கையோடு மின்னதிர்வு கொடுப்பதும் உண்டு.

அதன் பிறகு நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. இசிஜியில் துடிப்பு ஒழுங்காகத் தெரிந்தாலும், மேலறைத் தசை பல நாள், சில சமயம் பல வாரம், திகைத்துப்போய்ப் பலவீனமாகவே சுருங்குகிறது. ரத்தம் மீண்டும் தேங்குகிறது. புதிய கட்டி உருவாகிறது. எக்கோவில் கட்டியே தென்படாதவர்களுக்கும், உறைவுத் தடுப்பு மருந்து இல்லாத நிலையில், மின்னதிர்வுக்குப் பிறகு பக்கவாதம் வந்தது 1990களிலேயே பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் முதல் பத்து நாட்களுக்குள் வரும் ஆபத்து இது. படபடப்பு நின்று உடம்பு தெம்பாக இருக்கும் அதே நாட்கள்! தெம்பை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வார்ஃபரின் என்னும் உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற மற்ற உறைவுத் தடுப்பு மாத்திரைகளுக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் சாப்பிடாமல் விட்டால் அவற்றின் வேலை ஒரு நாளுக்குள் பெருமளவு தணிந்துவிடும். ஆகவே வேளை தவறியிருந்தால் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேதியைத் தள்ளிவைப்பார் அல்லது எக்கோ எடுத்துப் பார்ப்பார். நான்கு வாரம் கழிந்தும் மருந்து வேண்டுமா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், முன்பு பக்கவாதம் வந்ததா என்பவற்றை வைத்தே அவர் முடிவு செய்வார்.