கோப்பை வந்த ஆண்டில்தான் கணக்கு உடைகிறது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் உள்ள என் கணக்கு அலுவலகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் மளிகைக் கடைக்காரர்கள், லாரி வைத்திருப்பவர்கள், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர்கள், கோயில் நிர்வாகத்தினர். ஆண்டுக் கடைசியில் இன்னொரு கூட்டமும் வரும். சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான் எனும் குடியிருப்புகளிலும் காற்பந்துக் குழு நடத்தும் பையன்கள். விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த குழு ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்பியாக வேண்டும். அதை முடித்துக் கொடுக்க நான் காசு வாங்குவதில்லை. என் அப்பா காலையில் பால்மரம் வெட்டிவிட்டு மாலையில் தோட்டத் திடலில் கோல்கீப்பராக நின்றவர். அவருக்காகச் செய்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு வட்டாரக் கோப்பையை வென்றது. அடுத்த மாதமே செயலாளரும் பொருளாளரும் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். வரவுப் பக்கத்தில் முதல் வரி: ஸ்பான்சர், 15,000 ரிங்கிட். செலவுப் பக்கத்தில் வெளியூர் ஆட்டக்காரர்கள் இரண்டு பேருக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம், புது ஜெர்சி, வேன் வாடகை, சாப்பாடு. பணம் வந்துவிட்டதா என்று கேட்டேன். "வாயால சொல்லிட்டாருக்கா, வந்துரும்லா" என்றான் செயலாளர். கடைசியில் வந்தது 3,000. அந்த ஸ்பான்சருக்கே அந்த ஆண்டு வியாபாரம் படுத்துவிட்டது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நின்றது. பொருளாளர் இருபத்து மூன்று வயதுப் பையன், தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. தன் பெயரில் கடன் வாங்கி அடைத்தான். குழு கலைந்துபோன பிறகும் இரண்டு ஆண்டுகள் மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா என் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதது இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

தோற்ற ஆண்டில் யாரும் இப்படிச் செலவு செய்வதில்லை. ஜெயித்த ஆண்டில்தான் செய்கிறார்கள். பெரிய கிளப்புகளிலும் இதே கதைதான், தொகைதான் வேறு.

இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி வரை போன குழு. இனி ஆண்டுதோறும் அந்தப் போட்டியில் இருப்போம் என்று நம்பி, வருங்கால டிக்கெட் வசூலைக் காட்டி 60 மில்லியன் பவுண்டு கடன் வாங்கினார்கள். அடுத்த ஆண்டே அந்தப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றார்கள். 2004-இல் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரிமியர் லீக்கிலிருந்து இறங்கி, 2007-இல் மூன்றாம் பிரிவுக்கே போனார்கள். திரும்பி மேலே வர 2020 ஆனது. அந்தப் பையனின் நோட்டில் இருந்த 15,000-மும் லீட்ஸின் கணக்கில் இருந்த சாம்பியன்ஸ் லீக் பணமும் எனக்கு ஒன்றுதான்: இரண்டும் கைக்கு வராத காசு.

வெற்றியால் காசு வருவது உண்மை. எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் எதை நம்பலாம் எதை நம்பக் கூடாது என்று பிரிக்க முடியும். ஒரு கிளப்புக்கு வருமானம் திடலில் டிக்கெட் விற்று வரும், டிவி உரிமையால் வரும், விளம்பரதாரர்களும் ஜெர்சியுமாக வணிகத்தால் வரும். பிரிமியர் லீக்கில், இங்கிலாந்துக்குள் விற்கும் டிவி உரிமைப் பணத்தில் பாதியை இருபது கிளப்புகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. கால் பங்கு பட்டியலில் பிடித்த இடத்தைப் பொறுத்தது. மீதிக் கால் பங்கு, ஒரு கிளப்பின் ஆட்டம் எத்தனை தடவை நேரலையில் காட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஆக, ஜெயித்தால் டிவி பணம் கூடும், சறுக்கினால் அதே ஆண்டில் குறையும். சம்பள ஒப்பந்தம் அப்படிக் குறையாது. நான்கு ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டால் நான்கு ஆண்டும் கொடுக்க வேண்டும். கிளப்புகள் நொடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

லெஸ்டர் சிட்டி 2016-இல் பிரிமியர் லீக் பட்டம் வென்றபோது இங்கே மாமாக் சாப்பாட்டுக் கடைகளில்கூட அதே பேச்சு. பட்டம் வென்ற பருவத்தில் ஏறத்தாழ 129 மில்லியன் பவுண்டாக இருந்த வருமானம், சாம்பியன்ஸ் லீக் ஆடிய அடுத்த பருவத்தில் 233 மில்லியன் ஆனது. அப்புறம் மேல்வரிசைக் கிளப்புகளோடு போட்டி போடும் ஆசையில் சம்பளம் ஏறிக்கொண்டே போய் வருமானத்தையே மிஞ்சியது. 2023-இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியபோது அந்தப் பருவத்து நட்டம் மட்டும் 90 மில்லியனை ஒட்டி இருந்தது.

என் வாடிக்கையாளர் ஒருவர் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருக்கிறார். 2016-இல் லெஸ்டரின் நீல ஜெர்சியை மொத்தமாக வாங்கி அடுக்கினார். இரண்டு மாதம் நன்றாகப் போனது. அடுத்த பருவத்தில் லெஸ்டர் பன்னிரண்டாம் இடம். அதற்கடுத்த ஆண்டுக் கடைசியில் சரக்குக் கணக்கு எடுக்கப் போனபோது ஒரு பெட்டி ஜெர்சி பிரிக்காமலே கிடந்தது. மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் ஜெர்சிகள் அப்படித் தேங்குவதே இல்லை என்றார். ரசிகர் கூட்டம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது. ஒரு கோப்பை, கைதட்டுபவர்களைத்தான் கொண்டுவருகிறது. யுனைடெட் 1993-க்கும் 2013-க்கும் இடையில் பதின்மூன்று லீக் பட்டங்கள் வென்றது. அத்தனையையும் தோட்டத்து லயத்தில் ஒரே டிவிக்கு முன்னால் அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளுக்குச் சிவப்பு ஜெர்சி வாங்குகிறார்கள்.

அந்த ஒட்டுதலுக்கு என்ன விலை என்று 2025-இல் பார்த்தோம். யுனைடெட் லீக்கில் பதினைந்தாம் இடம். சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த ஐரோப்பியப் போட்டியான யூரோப்பா லீக் இறுதியில் தோல்வி. ஒரு வாரம் கழித்து, மே 28-இல், நம் புக்கிட் ஜாலில் அரங்கில் தென்கிழக்காசியத் தேர்வுக் குழுவான ஆசியான் ஆல் ஸ்டார்ஸிடமும் 1-0 என்று தோற்றார்கள். அதே நிதியாண்டில் அந்தக் கிளப்பின் வருமானம் 666.5 மில்லியன் பவுண்டு, அதுவரை இல்லாத உச்சம். அதில் பாதி, 333.3 மில்லியன், வணிக வருமானம். பருவம் முடிந்த களைப்போடு அவர்கள் இவ்வளவு தூரம் பறந்து வந்ததன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. அப்படியும் அந்த ஆண்டை 33 மில்லியன் நட்டத்தில்தான் முடித்தார்கள். முதல் நாள் வேலைக்குச் சேரும் கணக்குப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வருமானம் வேறு, லாபம் வேறு.

பழைய பெருமையின் பேரில் எவ்வளவு காலம் காசு வரும்? அடிடாஸ் 2015-இல் யுனைடெட்டோடு தொடங்கிய பத்தாண்டு, 750 மில்லியன் பவுண்டு ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. தொடர்ந்து இரண்டு பருவம் சாம்பியன்ஸ் லீக்கில் இல்லை என்றால் ஆண்டுத் தொகையில் 30 விழுக்காடு வரை குறைக்கலாம். நம் அன்புக்குக் கணக்கு இல்லை, ஆனால் பணம் போடுகிறவர்கள் எழுதிவைத்துக்கொண்டுதான் போடுகிறார்கள்.

ரசிகர்களைக் காசாக மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு முதலாளி ஒருவரே பாடம். வின்சென்ட் டான், வேல்ஸில் உள்ள தம் கார்டிஃப் சிட்டி கிளப்பின் நீல ஜெர்சியை 2012-இல் சிவப்பாக்கினார். ஆசியச் சந்தையில் சிவப்பு எடுபடும் என்பது கணக்கு. அடுத்த ஆண்டே குழு பிரிமியர் லீக்குக்கு ஏறியது. ஆனாலும் உள்ளூர் ரசிகர்கள் மனம் ஆறவில்லை. 2014-இல் குழு இறங்கியது, 2015 ஜனவரியில் நீலம் திரும்ப வந்தது.

இதையெல்லாம் எங்கோ நடக்கும் கதை என்று நினைக்க வேண்டாம். எங்கள் பேராக் காற்பந்துக் கிளப் 1921-லிருந்து இருக்கும் பெயர். 2018-இல் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது இந்த டவுனில் நள்ளிரவு வரை ஹாரன் சத்தம். 2025-இல் பணப் பிரச்சினையால் நாட்டின் முதல் பிரிவான சூப்பர் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. ஹாரன் அடித்த அதே பையன்கள்தான் இப்போது தாமான் குழுக்களை நடத்துகிறார்கள்.

ஆகவே குழு நடத்தும் தம்பிகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சொல்கிறேன். வாக்குறுதியாக இருக்கும் பணத்தைப் பென்சிலில் எழுதுங்கள். வங்கியில் விழுந்த பிறகு பேனாவில் எழுதுங்கள். ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் வாக்கு, பேனாவில் எழுதிய தொகையைத் தாண்டக் கூடாது. கோப்பைப் பரிசுப் பணம் கிடைத்தால் முதலில் பழைய கடன், அப்புறம் பந்தும் வலையும், மிச்சம் இருந்தால் விருந்து. வங்கிக் கணக்கு குழுவின் பெயரில், இரண்டு கையெழுத்தோடு இருக்கட்டும். பொருளாளர் தன் பெயரில் ஒரு ரிங்கிட்கூடக் கடன் வாங்க வேண்டாம். அப்படி வாங்கச் சொல்லும் குழுவை விட்டு விலகிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. திடலுக்கு வந்து நிற்கும் பெரியவர்களை, வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் அம்மாக்களை மறக்காதீர்கள். வெளியூர் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் காசில் பாதி போதும், பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு ஒரு பயிற்சிக் குழு தொடங்கிவிடலாம். அந்தப் பையன்களின் வீடே உங்கள் ரசிகர் கூட்டம்.

போன வாரம் அந்தப் பழைய பொருளாளர் வந்திருந்தான். கடன் முடிந்து நாளாகிறது, கல்யாணமும் ஆகிவிட்டது. இப்போது பக்கத்துத் தாமானில் சின்னப் பையன்களுக்குக் குழு தொடங்கியிருக்கிறான். நோட்டை நீட்டினான். பென்சிலில் மூன்று வரி. பேனாவில் ஒரே வரி: பெற்றோர் சந்தா, 640 ரிங்கிட். அதற்கு ஏற்றபடி ஆறு பந்து வாங்கியிருந்தான்.