வாலில் சமையலறை வைத்த டிரெய்லர் ஏன் ஆடுகிறது?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவர், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடான டிராவல் டிரெய்லர் வாங்கப் போகிறார். பின்கோடியில் சமையலறை உள்ள மாடல் அவர் மனைவிக்கு மிகவும் பிடித்திருக்கிறது: மூன்று பக்கமும் மேடை, பெரிய ஃப்ரிட்ஜ், பாத்திரம் கழுவும்போது வெளியே பார்க்க அகலமான ஜன்னல். ஆனால் நண்பர்கள், "பின்னால் கனம் இருந்தால் வண்டி ஆடும், வேண்டாம்" என்கிறார்களாம். உண்மையா என்று கேட்டிருந்தார்.

பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவையானது.

எல்லோருக்கும் தெரிந்த பகுதியை முதலில் முடித்துவிடுகிறேன். டிரெய்லரின் முன்மூக்கு, இழுக்கும் வண்டியின் பின்னால் அதை மாட்டும் ஹிட்ச் உருண்டை மேல் அழுத்தும் எடைக்கு டங் வெயிட் என்று பெயர். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அது இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் நடைமுறை. டிரெய்லரின் சக்கர அச்சுக்குப் பின்னால் கனத்தை ஏற்றினால் சீசா பலகை போல மூக்கு மேலே எழும், டங் வெயிட் குறையும். பள்ளிக்கூட நெம்புகோல் கணக்குதான்.

அந்தக் கணக்கிலேயே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: தண்ணீர். 2,500 கிலோ டிரெய்லர், டங் வெயிட் 300 கிலோ, அதாவது 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஹிட்சிலிருந்து அச்சு 4.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. நல்ல தண்ணீர் தொட்டி அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால். சமையலறை பின்னால் என்பதால், கழுவிய தண்ணீர் சேரும் கிரே டேங்க் அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால். முகாமில் 100 லிட்டர் தண்ணீரைப் புழங்கினால் 100 கிலோ 3 மீட்டர் பின்னுக்கு இடம் மாறுகிறது. டங் வெயிட் கிட்டத்தட்ட 67 கிலோ குறைந்து 233-க்கு வந்துவிடும். சதவீதம் 9.3. புறப்படும்போது சரியாக இருந்த வண்டி, திரும்பும்போது வரம்புக்குக் கீழே. ஒரு சாமானையும் நீங்கள் நகர்த்தவில்லை, பாத்திரம் மட்டும்தான் கழுவினீர்கள்.

சரி, கம்பெனிக்காரர்கள் இதை அறியாதவர்களா? அச்சைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைப்பார்கள், அல்லது முன்பக்கம் கட்டில், பேட்டரி, கேஸ் சிலிண்டர் என்று வைத்துச் சமன் செய்வார்கள். எடைமேடையில் ஏற்றினால் 12 சதவீதம் அழகாக வரும். ஆனால் கனம் எவ்வளவு தூரம் பரவிக் கிடக்கிறது என்பதை எடைமேடை சொல்லாது. தோளில் ஒரு கம்பை வைத்து இரு முனையிலும் தண்ணீர்க் குடம் கட்டித் தூக்குங்கள். சமநிலை கச்சிதமாக இருக்கும். இப்போது சட்டென்று திரும்பிப் பாருங்கள். திரும்புவதும் கடினம், திரும்பிய பிறகு நிறுத்துவது அதைவிடக் கடினம். அதே குடங்களைத் தோளை ஒட்டித் தொங்கவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இதுதான் நிலைமத் திருப்புத்திறன். எடையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 200 கிலோ சமையலறை மையத்திலிருந்து 1 மீட்டரில் இருந்தால் 200. 3 மீட்டரில் இருந்தால் 1,800. ஒன்பது மடங்கு.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரே டிரெய்லர் 80 கிலோமீட்டர் வேகத்தில் சாதுவாக வருகிறது, 110-ல் வாலை ஆட்டுகிறது. ஏன்?

பக்கக் காற்றோ, கடந்து போகும் லாரியோ டிரெய்லரை லேசாகத் திருப்பிவிட்டது என்று வையுங்கள். டயர் பார்க்கும் திசையும் அது உண்மையில் போகும் திசையும் வேறாகின்றன. அந்தக் கோணம் எவ்வளவோ அந்த அளவுக்கு டயர் பக்கவாட்டு விசை கொடுக்கும். கோணம் இரண்டு பங்குகளால் ஆனது. முதல் பங்கு, டிரெய்லர் கோணலாக நிற்பதால் வருவது. இது சுருள்வில் போல நேர்க்கோட்டுக்கு இழுக்கிறது. வேகம் எதுவானாலும் இதன் வலு மாறாது. இரண்டாவது பங்கு, டிரெய்லர் பக்கவாட்டில் வீசிக்கொண்டிருப்பதால் வருவது. ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்சி அடக்குவது இந்தப் பங்குதான். இதன் அளவு, பக்கவாட்டு வேகத்தை முன்னோக்கிய வேகத்தால் வகுத்தால் கிடைப்பது.

வகுத்தால் என்பதைக் கவனியுங்கள். அச்சு நொடிக்கு 1 மீட்டர் பக்கவாட்டில் வீசுகிறது. வண்டி நொடிக்கு 20 மீட்டரில், அதாவது 72 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இந்தக் கோணம் ஏறக்குறைய 2.9 பாகை. நொடிக்கு 30 மீட்டரில் போனால் வெறும் 1.9 பாகை. வில் அதே வலுவோடு இருக்கிறது, ஆட்டத்தை அடக்கும் தணிப்பு மட்டும் வேகம் கூடக் கூட இளைக்கிறது. இதோடு டிரெய்லர் தான் ஆடும்போது இழுக்கும் வண்டியின் பின்புறத்தையும் தள்ளுகிறது. அந்த வண்டியும் சற்றுத் திரும்பி ஆட்டத்துக்குத் தீனி போடுகிறது. ஒரு வேகத்தில் தணிப்பும் தீனியும் சமமாகும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிது. அதற்கான ஆற்றலை உங்கள் எஞ்சினே தருகிறது. இரு முனையிலும் கனம் பரவிய டிரெய்லரில் ஆட்டம் அடங்க அதிக நேரம் பிடிக்கும், அந்த எல்லை வேகமும் கீழே இறங்கும். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு மணிக்கு 55 மைல்தான் உச்சவரம்பு. எரிச்சலோடு அதைக் கடைப்பிடிப்பவர்கள் இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கனத்தை இடம் மாற்றி வைக்கக்கூடிய டிரெய்லரைக் கொண்டு இதைச் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். டிரெய்லரின் மொத்த எடை தனியாகப் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. மூக்கு எடை (அதாவது டங் வெயிட்), அச்சின் இடம், நிலைமத் திருப்புத்திறன் ஆகிய மூன்றும்தான் நிலைத்தன்மையை வலுவாக மாற்றின. அப்படியிருந்தும் விற்பனைப் பிரசுரங்களில் காலி எடை, காலி டங் வெயிட் போன்றவைதான் இருக்கின்றன. பொருள் ஏற்றிய நிலையில் நிலைமத் திருப்புத்திறன் எவ்வளவு என்று போட்ட பிரசுரத்தை நான் பார்த்ததில்லை. அளக்க முடியாத ஒன்றல்ல இது. சாலைப் பாதுகாப்புக்கான பொதுப்பணத்தில் ஒரு துளியை ஒதுக்கி, ஒவ்வொரு மாடலையும் அளந்து வெளியிடச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை, வாசகரே, மனைவியின் ஆசைக்குக் குறுக்கே நிற்க வேண்டாம். டிரெய்லருக்கு அடியில் குனிந்து பாருங்கள். அச்சு நன்றாகப் பின்தள்ளி, நல்ல தண்ணீர் தொட்டியும் கிரே டேங்கும் அச்சை ஒட்டி இருந்தால் வாங்குங்கள். இரும்புச் சட்டி, கிரைண்டர், அரிசி மூட்டை எல்லாம் பயணத்தின்போது அச்சுக்கு மேலே தரையில் இருக்கட்டும். கிரே டேங்கைக் காலி செய்த பிறகு கிளம்புங்கள். பொருள் ஏற்றிய வண்டியை டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். என்றாவது ஆடத் தொடங்கினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓட்டுநர் கைக்கு எட்டும் கட்டுப்பாட்டின் மூலம் டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்குங்கள். வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை நேராக்கவும் பார்க்காதீர்கள்.