மேகத்துக்குள் காதை நம்பலாமா?

"இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, அலட்சியமும் இல்லை என்கிறார்கள். அப்புறம் எப்படி சார் ஹெலிகாப்டர் விழும்?" என்று குன்னூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் நொறுங்கிய எம்ஐ-17வி5 பற்றித்தான் கேட்கிறார். சூலூர் விமானப்படைத் தளத்தில் பகல் 11.48க்குக் கிளம்பி, 12.15க்குக் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டியது. 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி இறந்தார்.

மலை ரயில் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்த சிலர் எடுத்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஹெலிகாப்டர் வெள்ளைக்குள் மறைகிறது, பிறகு சத்தம் மட்டும்தான். முப்படை விசாரணைக் குழு பறப்புத் தரவுப் பதிவியையும் விமானி அறைக் குரல் பதிவியையும் ஆராய்ந்தது, சாட்சிகளை விசாரித்தது. 2022 ஜனவரியில் வெளியான முதற்கட்ட முடிவு இது: பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்கு நிலைமயக்கம் (எது மேல், எது கீழ், எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பது பிடிபடாத நிலை) ஏற்பட்டது, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டில் இருந்தபடியே நிலத்தில் மோதியது.

மேகம் எப்படி வந்தது என்பதை நீலகிரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். ஈரக்காற்று சரிவில் ஏறினால் 100 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் குளிரும், ஒரு கட்டத்தில் நீராவி துளியாகும். வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குச் சரிவில் முட்டும் மாதங்களில் மிஸ்ட் நிமிடங்களில் வந்து மூடும்.

எனக்குப் பிடித்த பகுதி நிலைமயக்கம். இது விமானியின் பலவீனம் இல்லை, காதின் பொறியியல்.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக இருக்கின்றன. உள்ளே திரவம். ஒவ்வொரு குழாயிலும் ஓரிடத்தில் கூழ் போன்ற ஒரு தடுப்பு குறுக்கே நிற்கிறது, அதில் நுண்மயிர் செல்கள் பதிந்திருக்கின்றன. தலையைத் திருப்பினால் குழாயும் கூடவே திரும்பும், திரவமோ சடத்துவத்தால் பின்தங்கும். டீ டம்ளரைச் சட்டென்று திருகிப் பாருங்கள்: டம்ளர் திரும்பும், மேலே மிதக்கும் ஆடை நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தப் பின்தங்கலில் தடுப்பு வளைகிறது, மயிர்கள் சாய்கின்றன, "திரும்புகிறோம்" என்று மூளைக்குச் செய்தி போகிறது.

ஒரே வேகத்தில் தொடர்ந்து சுற்றினால் 10, 20 வினாடிகளில் திரவமும் குழாயை எட்டிப் பிடித்துவிடும். தடுப்பு நிமிர்ந்துவிடும். சுற்றிக்கொண்டேதான் இருக்கிறோம், ஆனால் காது "நேராகப் போகிறோம்" என்று சொல்லும். அப்போது சுழற்சியை நிறுத்தினால் திரவம் மட்டும் ஓடும், எதிர்ப்பக்கம் சுற்றுவதாகத் தோன்றும். வினாடிக்குச் சுமார் 2 டிகிரிக்குக் குறைவாக மெல்லத் திரும்பினாலோ முதலிலிருந்தே எதுவும் தெரியாது. வீட்டில் சுழல் நாற்காலி இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது ஒரே சீராகச் சுற்றச் சொல்லுங்கள். அவர் நிறுத்தியதும் எந்தப் பக்கம் சுற்றுகிறீர்கள் என்று கைநீட்டிக் காட்டுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

சாய்வை அறிய வேறு உறுப்பு இல்லையா? இருக்கிறது. கால்சியம் கார்பனேட் துகள்கள் பதித்த ஒரு கூழ்ப்படலம் புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று சொல்லும். ஆனால் ஈர்ப்பையும் முடுக்கத்தையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. விமானம் சரியாகச் சாய்ந்து வளையும்போது இரண்டும் சேர்ந்த விசை நேராக இருக்கையை நோக்கியே அழுத்தும். ஆகவே இதுவும் "கீழ் என்பது உன் காலடியில்தான்" என்கிறது. இரண்டு சாட்சிகளும் ஒரே பொய்யைச் சொல்கிறார்கள். தொடுவானத்தைப் பார்த்துத் திருத்த வேண்டிய கண்ணுக்கு மேகத்தில் வேலையில்லை. மிஞ்சுவது கருவிப் பலகை. உடம்பு முழுக்க ஒன்று சொல்லும்போது ஒரு முள்ளை நம்புவது எவ்வளவு கடினம்! 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 மாணவ விமானிகளுக்கு மேகச் சூழலைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி நேரம் 178 வினாடி. பயிற்சி இதை வெல்ல உதவும், ஆனால் காதை மாற்றாது. அதனால்தான் பெங்களூரில் விமானப்படையின் மருத்துவ நிறுவனம் அனுபவசாலிகளையும் சுழல் பொறியில் உட்காரவைத்து ஏமாற்றிக் காட்டுகிறது.

2024-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் இந்த விபத்துக்கு நேரே "மனிதத் தவறு" என்று இருந்தது. பத்திரிகைகள் அதைத் தலைப்பாக்கின. எனக்கு அது விடையாகத் தெரியவில்லை, அடுத்த கேள்வியாகத் தெரிகிறது. பயணிகள் விமானங்களுக்கான பன்னாட்டு விதி விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்கிறது. நமக்கோ பழிதான் ருசி. 1956 அரியலூர் ரயில் விபத்து என்றால் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா நினைவுக்கு வரும். மருதையாற்று வெள்ளம் பாதையை எப்படி அரித்தது என்பது யாருக்கு நினைவிருக்கிறது? டைட்டானிக் மூழ்கிய இரவில், அருகே இருந்த கலிபோர்னியன் கப்பலின் ரேடியோ ஆபரேட்டர் தூங்கப் போயிருந்தார். அவரைத் திட்டிவிட்டு நிறுத்தியிருக்கலாம். 1914-இல் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை 24 மணி நேர ரேடியோ கண்காணிப்பைக் கொண்டுவந்தது. ரயில் விபத்துகளை விசாரிக்கும் நம் ரயில் பாதுகாப்பு ஆணையர்கூட ரயில்வேயின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். தன் வீட்டுக் குற்றத்தைத் தானே விசாரிக்கக்கூடாது என்ற நல்ல ஏற்பாடு. விபத்து நடந்த கொண்டை ஊசி வளைவில் பூசணிக்காய் உடைப்பவர்களோடும் எனக்குச் சண்டையில்லை, உடைத்த கையோடு குவியாடியும் வைத்தால் சரி.

பயணிகள் விமானங்கள் இப்படி மலையில் மோதுவது வெகுவாகக் குறைந்ததற்கு டான் பேட்மன் என்ற பொறியாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் உருவாக்கிய தரை எச்சரிக்கைக் கருவி, 1974-இல் வர்ஜீனியா மலையில் ஒரு விமானம் மோதி 92 பேர் இறந்த பிறகு அமெரிக்காவில் கட்டாயமானது. முதல் கருவி கீழே மட்டும் பார்த்தது, எதிரே செங்குத்தாக நிற்கும் பாறை அதற்குத் தெரியாது. 1990-களில் வந்தது நிலவரைபடத்தோடு ஒப்பிட்டு முன்னாலும் பார்த்தது. ஆனால் பள்ளத்தாக்குக்குள் தாழ்வாகப் பறக்கும் ஹெலிகாப்டருக்குத் தரை எப்போதுமே பக்கத்தில்தான். ஓயாமல் கத்தும் எச்சரிக்கையை யார் கேட்பார்கள்?

ஆகவே குன்னூர் சரிவுக்கு எனக்குத் தோன்றும் வழி எளிது. பர்லியாரிலிருந்து காட்டேரி வரை சில இடங்களில் பார்வைத்தூர மானிகள் வேண்டும். அகச்சிவப்பு ஒளியைக் காற்றில் பாய்ச்சி, துளிகள் எவ்வளவு சிதறடிக்கின்றன என்று பார்த்தே மிஸ்ட்டின் அடர்த்தியைக் கணக்கிடும் கருவி இது. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, விமான நிலையங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் அளவீடு நொடிக்கு நொடி சூலூருக்குப் போகட்டும், தரவை ஊட்டி கல்லூரி மாணவர்களுக்கும் திறந்துவிடட்டும். ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம், ஒரு பள்ளத்தாக்கின் மேகத்தை ஐந்து வருடம் தொடர்ந்து அளக்கப் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்கிறோம். வாசகர் கேட்ட கேள்வியை நிதி ஒதுக்குகிறவர்களும் கேட்டால் தேவலை.