பெயர் பழையது, பொருள் யாருடையது?

டிரேட்மார்க் உரிம ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொல்வது என் தொழில். அதனால் எந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாலும் முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். முன்பக்கம் இருக்கும் பெயர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'இன்னாரிடம் உரிமம் பெற்று இப்பெயர் பயன்படுத்தப்படுகிறது' என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதே, அதைப் படிப்பவர்கள் குறைவு.

ஒருவர் தன் ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு, பழைய பிரபலமான பெயரில் வரும் மின்சாதனங்களுக்கு ஏஜென்சி எடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்னிடம் வந்தார். "அப்பா காலத்திலிருந்து தெரிந்த பெயர் சார், அதான் நம்பினேன்" என்றார். ஒப்பந்தத்தைப் புரட்டினால், எதிர்த்தரப்பு அந்தப் பழைய நிறுவனமே அல்ல. அதன் பெயரை வாடகைக்கு எடுத்த இன்னொரு நிறுவனம். அந்த வாடகையும் இன்னும் இரண்டு வருடத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு உதிரி பாகம் யார் தருவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

ஒரு நிறுவனம் சரிந்தால் எல்லாம் ஒன்றாக மூழ்கிவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்தவரை பெயர் ஒரு பக்கம் போகிறது, தொழில் தெரிந்தவர்கள் ஒரு பக்கம் போகிறார்கள்.

நோக்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1865-இல் பின்லாந்தில் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கியது. அப்புறம் ரப்பர், கேபிள், பிறகுதான் போன். அந்தப் போன் தொழிலை 2014-இல் மைக்ரோசாஃப்டிடம் கொடுத்துவிட்டது. 2017 முதல் வந்த நோக்கியா ஸ்மார்ட்போன்கள், எச்எம்டி குளோபல் என்ற வேறு நிறுவனம் உரிமம் பெற்று விற்றவை. அப்படியென்றால் நோக்கியா முடிந்துவிட்டதா? இல்லை. 2016-இல் அல்காடெல்-லூசென்டை வாங்கி, தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் பெரிய நிறுவனமாக இருக்கிறது. பெயர் கையிலிருக்கும் போனில், நிறுவனமோ டவரில்.

போலராய்டின் கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். எட்வின் லேண்ட் 1937-இல் தொடங்கிய அந்த நிறுவனம், எடுத்த உடனே படம் கையில் வரும் கேமராவை 1948-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2001-இல் திவாலானது. பெயர் கைமாறிக்கொண்டே இருந்தது. 2008-இல் உடனடிப் படச்சுருள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த கடைசித் தொழிற்சாலையின் இயந்திரங்களைச் சில பேர் சேர்ந்து வாங்கினார்கள். அங்கேயே வேலை பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. பழைய ரசாயனங்கள் பல கிடைக்கவில்லை. படச்சுருளை ஏறக்குறைய முதலிலிருந்து உருவாக்க வேண்டியிருந்தது. போலராய்டு என்ற பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமையும் இல்லாததால், 'இம்பாசிபிள் புராஜெக்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டு 2010-இல் புதிய படச்சுருளை வெளியிட்டார்கள். 2017-இல் அந்த நிறுவனத்தின் முக்கியப் பங்குதாரரிடமே போலராய்டு பெயரும் வந்து சேர்ந்தது. தொழில் தெரிந்த கைகளிடம் பெயர் திரும்பி வந்தது அபூர்வம். என் அனுபவத்தில் பெரும்பாலும் பெயர் மட்டும்தான் ஊர் சுற்றும்.

ஜப்பானின் படச்சுருள் நிறுவனமான ஃபியூஜிஃபிலிம் பெயரையும் கைகளையும் பிரியவிடவில்லை. படச்சுருள் விற்பனை 2000-க்குப் பிறகு சரிந்தபோது, கொலாஜனையும் (படச்சுருளின் ஜெலட்டினுக்கு மூலமான, நம் சருமத்திலும் இருக்கும் புரதம்) மெல்லிய படலங்களையும் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததை எல்சிடி திரைகளுக்கும் சருமப் பூச்சுகளுக்கும் கொண்டுபோனார்கள். 1975-லேயே டிஜிட்டல் கேமராவைச் செய்து பார்த்த அமெரிக்கப் படச்சுருள் நிறுவனமான கோடாக், 2012-இல் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டது. இன்று அந்தப் பெயரைப் பலவகைப் பொருட்களில் உரிமத்தின் பேரில் பார்க்கலாம்.

உரிமத்தில் வரும் பொருள் மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பொருள் தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாங்குமுன் தயாரித்தவர் பெயரைப் பாருங்கள், வாரண்டி அட்டையில் யார் பொறுப்பேற்கிறார்கள் என்று பாருங்கள். ஏஜென்சி எடுப்பதானால் உரிமம் எந்தத் தேதி வரை என்று எழுத்தில் கேளுங்கள். முடிந்தபின் கையிருப்புச் சரக்கை விற்க எத்தனை மாதம் அனுமதி, சர்வீஸ் யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் வரவேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம், முறையான நிறுவனம் பதில் தரும்.

அந்த மனிதருக்காக மறுபடி பேசி, உரிமம் முடிந்த பிறகும் இரண்டு வருடம் உதிரி பாகம் தர வேண்டும் என்று ஒரு திருத்தம் வாங்கினோம். முன்பணத்தைத் திருப்பித் தர அவர்கள் கடைசிவரை சம்மதிக்கவில்லை.