பாஸோ கொன்டினுவோ: ‘தொடர் சுருதி’ அன்று, ‘தொடர் அடியிசை’

மேலை இசை பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக்குச் சென்ற மாதம் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘ஹார்ப்சிகார்டு வாசிப்பவர் தொடர் சுருதியைப் பிடித்துக்கொள்ள, வயலின் கலைஞர்கள் இருவரும் அதன்மேல் இசைக்கிறார்கள்’ என்ற வாக்கியம் கண்ணில் பட்டது. (ஹார்ப்சிகார்டு என்பது பியானோவுக்கு முற்பட்ட, தந்திகளைத் தெறித்து ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியம்.) இதே சொல்லை இதற்கு முன் ஒரு கச்சேரி அறிவிப்பிலும் ஓர் உரையிலும் கண்டும் கேட்டும் பேசாமல் இருந்துவிட்டேன். மூன்றாம் முறையும் வந்துவிட்ட பிறகு பேசாதிருப்பது சரியாகாது. மேலை இசையில் ஒரு படைப்பின் அடியில் தொடர்ந்து ஓடும் கீழ்க்குரலைக் குறிக்கும் ‘பாஸோ கொன்டினுவோ’ என்ற இத்தாலியத் தொடருக்குத் ‘தொடர் சுருதி’ என்பது பொருத்தம் குறைந்த சொல் மட்டும் அன்று. அது சுட்டும் பொருளுக்கு நேர் எதிரானதைச் சொல்லும் சொல்.

‘பாஸோ’ என்றால் தாழ்ந்தது, இசையில் கீழ்க்குரல். ‘கொன்டினுவோ’ என்றால் இடையறாதது. லொதொவிகோ வியதானா என்ற துறவி 1602-இல் வெனிஸ் நகரில் வெளியிட்ட நூறு திருச்சபைப் பாடல்களின் தலைப்பிலேயே, ஆர்கனில் வாசிப்பதற்குரிய பாஸோ கொன்டினுவோவோடு கூடியவை என்று குறிப்பிட்டார். வழக்கம் அதற்குச் சற்று முன்பே தோன்றிவிட்டது. சொல் பரவியதற்கு அந்நூல் பெரிதும் காரணம். ஜெர்மானியர் அதனை ‘கெனரால்பாஸ்’ என்றனர். ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான பரோக் காலத்துச் சிற்றவை இசை (சிலர் மட்டும் கூடி வாசிக்கும் இசை) பெரும்பாலும் இந்த அடித்தளத்தின் மீதே நின்றது.

இங்கே ‘இடையறாதது’ என்பது எதைக் குறிக்கிறது என்பதில்தான் பிழை தொடங்குகிறது. பாடகர்களோ வயலின்களோ ஓய்ந்திருக்கும் இடங்களிலும் கீழ்க்குரல் அறுந்துபோகாமல் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடும் என்பதே அதன் பொருள். ஒரே சுரம் நீடித்து நிற்கும் என்பதன்று. ஆறு இடையறாமல் ஓடுகிறது என்றால் அது ஓரிடத்தில் தேங்கி நிற்கிறது என்று யாரும் கொள்வதில்லை. சுருதியோ நிற்பதற்கென்றே இருப்பது. தம்புராவானாலும் சுருதிப்பெட்டியானாலும், பாடகர் எங்கே சென்றாலும் அது மட்டும் இடம்பெயராமல் இருந்தால்தான் அவர் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருக்கும். சுருதியை மாதா என்று நம் மரபு சொல்வதும் அந்த நிலைபேற்றைக் கருதித்தான் என்று நான் எண்ணுகிறேன்.

எல்லோரும் கேட்டிருக்கக்கூடிய ஒன்றைச் சான்றாகக் காட்டுகிறேன். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹெல்பெல் இயற்றிய ‘கேனன்’ மூன்று வயலின்களுக்கும் பாஸோ கொன்டினுவோவுக்கும் எழுதப்பட்டது. அதன் கீழ்க்குரலில் எட்டே சுரங்கள். அதன் ஆதார சுரத்தை ஸட்ஜமமாக வைத்துக்கொண்டால் அவை ச, ப, த, க, ம, ச, ம, ப என்று வரும். இவ்வெட்டும் 28 முறை திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. இது பரோக் இசையிலேயே மிக எளிய, மிகக் கட்டுப்பட்ட கீழ்க்குரல்களுள் ஒன்று. அப்படியிருந்தும் ஐந்து வெவ்வேறு சுரங்களில் அது கால் வைத்து நடக்கிறது. அது அடிமாறும் போதெல்லாம் மேலே ஒலிக்கும் வயலின் சுரங்களின் பொருளும் மாறுகிறது. கீழே ச இருக்கையில் ஒலிக்கும் கவும், கீழே த இருக்கையில் ஒலிக்கும் கவும் காதுக்கு ஒன்றல்ல. சுருதியின் பணி மேலே உள்ள சுரங்களுக்கு மாறாத அளவுகோலாக இருப்பது. இதன் பணியோ அந்த அளவுகோலையே நகர்த்திக்கொண்டு போவது. இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் சொனாட்டாக்களில் (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்புகளில்) ஒரு பகுதிக்குள்ளேயே ஆதார சுரமும் இடம் மாறி, வேறோர் ஊரில் சற்றுத் தங்கிவிட்டுத் திரும்பி வரும். அவ்வாறு மாற்றி அழைத்துச் செல்வது இந்தக் கீழ்க்குரல்தான்.

‘தொடர் சுருதி’யை ஆதரிப்போர் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். முதலாவது, தம்புராவைப் போலவே இதுவும் கீழே தொடர்ந்து ஒலிக்கிறது என்பது. அதற்கு மேலே விடை சொல்லிவிட்டேன். இரண்டாவது, தமிழ் வாசகருக்குச் சுருதி தெரியும், ஆகவே தெரிந்த சொல்லால் தெரியாததை விளக்கலாம் என்பது. இது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் தெரிந்த சொல் தவறான படத்தை வாசகர் மனத்தில் வரைந்துவிட்டால், தெரியாத சொல்லைக் காட்டிலும் அது அதிகத் தீங்கு செய்யும். தெரியாத சொல்லைக் கண்டவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். ‘தொடர் சுருதி’யைப் படித்தவரோ ஒரு தம்புராவைக் கற்பனை செய்துகொண்டு, புரிந்துவிட்டதென்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பரோக் இசையில் உண்மையாகவே சுருதி போல நிற்கும் ஒலி சில இடங்களில் வருகிறது. 1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ‘வசந்தம்’ என்ற வயலின் கொன்செர்டோவின் (தனி வயலினும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பின்) மூன்றாம் பகுதியில், இடையர்களின் பைக்குழல் ஒலியைக் காட்டுவதற்காகக் கீழ்த்தந்திகள் ஒரே சுரத்தை நீளப் பிடித்து நிற்கின்றன. அதற்கு நம்மிடம் ‘ஒத்து’ என்ற அருமையான சொல் இருக்கிறது. நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பைக்குழலின் ஒலியைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை. கீழ்க்குரல் முழுவதையும் சுருதி என்று அழைத்துவிட்டால், அது நடையை நிறுத்திக்கொண்டு ஒத்தாக மாறும் இந்த அழகிய இடத்தைத் தனித்துச் சொல்வதற்குச் சொல் இல்லாமல் போகிறது.

‘பக்கவாத்தியம்’ என்று எழுதுவோரும் உளர். சுருதியைவிட இது எவ்வளவோ மேல்; ஏனெனில் ஹார்ப்சிகார்டு கலைஞர் செய்வதில் மனோதர்மத்துக்குப் பெரிய இடம் உண்டு. அவர் முன் உள்ள ஏட்டில் பெரும்பாலும் கீழ்க்குரல் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அதனோடு சில எண்கள் இருக்கும். எண் இல்லாத ச என்றால் அதன்மேல் கவும் பவும் சேர வேண்டும். க என்ற சுரத்துக்கு 6 என்ற எண் இருந்தால், கவை ஒன்றாகக் கொண்டு எண்ணி ஆறாவதான மேல் சவையும், இடையில் பவையும் சேர்க்க வேண்டும். ப என்ற சுரத்துக்கு 7 என்று இருந்தால் நி, ரி, ம மூன்றும் மேலே வரும். அவற்றை எந்த உயரத்தில், எவ்வளவு அடர்த்தியாக, உடைத்தா சேர்த்தா வாசிப்பது என்பது அந்த நொடியில் அவர் எடுக்கும் முடிவு. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல், விசைப்பலகை வாசிப்பு பற்றி 1762-இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பாகத்தில் பெரும்பகுதியை இக்கலைக்கே ஒதுக்கினார். ஆயினும் பக்கவாத்தியம் என்பது முதன்மைக் கலைஞரைப் பின்தொடர்வது. இந்தக் கீழ்க்குரலோ இசையமைப்பாளர் எழுதிவைத்த இரண்டு தூண்களுள் ஒன்று, மேற்குரல் மற்றொன்று. தூணைப் பக்கத்தில் வைக்க முடியாது.

அதே மொழிபெயர்ப்பில் ‘மூவர் சொனாட்டா’ என்றும் இருந்தது. கூடவே இருந்த படத்தில் நால்வர் அமர்ந்திருந்ததைக் கண்டு, ஒருவர் ‘கூடுதல் கலைஞர்’ என்று அடிக்குறிப்பும் சேர்க்கப்பட்டிருந்தது. கொன்டினுவோவைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவே இதுவும். கொரெல்லி 1681-இல் ரோமில் வெளியிட்ட முதல் தொகுதியின் தலைப்பில் ‘மூன்றுக்கு’ என்றே உள்ளது. ஆனால் ஏடுகள் நான்கு. வயலினுக்கு இரண்டு, வயலோன் (தாழ்ந்த ஒலியுடைய வில் வாத்தியம்) அல்லது ஆர்ச்லூட்டுக்கு (நீண்ட கழுத்துடைய மீட்டு வாத்தியம்) ஒன்று, ஆர்கனுக்கு ஒன்று. மூன்று என்பது குரல்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அன்று. கீழ்க்குரல் ஒன்றைப் பெரும்பாலும் இருவர் பகிர்ந்துகொள்வர்: செல்லோ, காம்பா ஆகிய வில் வாத்தியங்கள், பசூன் என்ற ஊது வாத்தியம் போன்ற ஒன்று அந்த வரியை நீட்டி இழுக்க, ஹார்ப்சிகார்டோ ஆர்கனோ, ஆளுயரம் நிற்கும் தியோர்போ என்ற மீட்டு வாத்தியமோ அதன்மேல் சுரக்கட்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) எழுப்பும். ஹார்ப்சிகார்டின் தந்தியை இறகுமுனை தெறித்ததும் ஒலி விரைவில் தேய்ந்துவிடும் என்பதால் வில் வாத்தியத்தின் துணை அதற்கு நன்கு பொருந்தியது. ஆகவே ‘முக்குரல் சொனாட்டா’ என்பதே சரி.

இனிச் சரியான சொல்லுக்கு வருவோம். தூய தமிழ் வேண்டுவோர் ‘தொடர் மெலிவு’ என்று ஆக்கலாம் என்கிறார்கள். வலிவு, சமன், மெலிவு என்ற மூவகைத் தானங்கள் (மேல், நடு, கீழ் ஒலிநிலைகள்) சிலப்பதிகார அரங்கேற்று காதையிலேயே இருப்பதால் அதற்கு மரபின் வலிமை உண்டு. எனக்கும் அச்சொற்கள் மீது பெருமதிப்பு உண்டு. ஆனால் இன்று மெலிவு என்றால் வாசகருக்கு நலிவுதான் தோன்றும். இசையின் முதுகெலும்பை நலிவு என்று அழைப்பது பொருந்தாது. கீழ் ஒலிநிலையைக் குறிக்கும் ‘மந்தரம்’ கொண்டு ஆக்கிய ‘தொடர் மந்தரம்’ வடசொல் என்பதற்காக அல்ல, தானத்தை மட்டுமே குறிக்கும் என்பதற்காகத் தள்ளத்தக்கது.

‘தொடர் அடியிசை’ என்பதே என் துணிபு. ‘அடி’ என்பது கீழ் என்றும் பொருள்படும், அடித்தளம் என்றும் பொருள்படும். எடுத்துவைக்கும் அடி என்ற பொருளில் நடையையும் உணர்த்தும். 1607-இல் இக்கலைக்கு நூல் எழுதிய இத்தாலியரான அகத்ஸாரி, இவ்வாத்தியங்களை அடித்தளமாக நிற்பவை, அணி சேர்ப்பவை என்று பிரித்தபோது சொன்னதும் அந்த அடித்தளத்தைத்தான். எண்கள் குறித்த கீழ்க்குரலை ‘எண்ணிட்ட அடியிசை’ எனலாம். வாசிப்பவர் செல்லோக்காரரானாலும் ஹார்ப்சிகார்டு கலைஞரானாலும் ‘அடியிசைஞர்’.

மெய்ப்பில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு இப்படி எழுதியனுப்பினேன்: ‘செல்லோவும் ஹார்ப்சிகார்டும் தொடர் அடியிசையை நடத்திச் செல்ல, வயலின்கள் இரண்டும் அதன்மேல் இசைக்கின்றன.’